பத்தாயிரம் அடிக்குக் கீழே கதைக்கக் கூடாததும் கதைக்க வேண்டியதும்

ஒரு விமானம் விழுந்தால் அடுத்த நாள் பத்திரிகையிலும் முகநூலிலும் ஒரே சொல்தான் வரும்: 'விமானியின் கவனயீனம்'. இந்தச் சொல்லோடு எங்களுக்கு ஒரு பிணக்கு இருக்கிறது. அது பொய் என்பதால் இல்லை. பல விபத்துகளில் அது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் வந்ததும் நாங்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். பிழை செய்தவரும் செத்துப்போனார், கதை முடிந்தது. கவனம் ஏன் சிதறியது, சிதறியபோது பக்கத்தில் இருந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்ப்போம்.

1972 டிசம்பர் 29. நியூயோர்க்கில் இருந்து மியாமிக்குப் போன ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ் 401 தரையிறங்கத் தயாராகிறது. முன் சில்லு இறங்கிவிட்டது என்று காட்டும் பச்சை வெளிச்சம் எரியவில்லை. இறங்காமல் 2,000 அடிக்கு ஏறி, ஓட்டோபைலட்டைப் போட்டுவிட்டு அந்த மின்குமிழைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். கப்டன், துணை விமானி, விமானப் பொறியியலாளர், கூட வந்த பராமரிப்பு நிபுணர் என்று நான்கு பேர். ஓட்டோபைலட் உயரத்தைப் பிடித்து வைத்திருப்பதை விட்டுவிட்டது. விமானம் மெல்ல மெல்லக் கீழே போனது. எச்சரிக்கை ஒலி கேட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புளோரிடாச் சதுப்பு நிலத்தில் விழுந்தபோது விமானத்தில் 176 பேர். இறந்தவர்கள் 101 பேர். முன் சில்லு சரியாகவே இறங்கியிருந்தது. பழுதானது மின்குமிழ் மட்டும்தான்.

அந்தக் கப்டனுக்கு ஏறத்தாழ 30 ஆயிரம் மணித்தியாலப் பறப்பு அனுபவம் இருந்தது. அவரைக் கவனயீனமானவர் என்று சொல்லிக் கடந்துபோக முடியுமா? ஒரு பிரச்சினையில் மூழ்கினால் மற்றதெல்லாம் மறைந்துபோவது மனித மூளையின் வழக்கம். அது புதியவருக்கும் நடக்கும், பழுத்தவருக்கும் நடக்கும்.

இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 1974 செப்டெம்பர் 11, அதே நிறுவனத்தின் 212ஆம் இலக்க விமானம் வட கரோலினாவின் சார்லட் நகரத்தில் இறங்க வருகிறது. நிலத்தில் அடர்ந்த பனிமூட்டம். கொக்பிட்டிலோ அரசியல், பழைய கார் என்று அரட்டை. குறிப்பிட்ட உயரங்களில் உரத்துச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லவில்லை. ஓடுபாதைக்கு முன்னமே விமானம் நிலத்தில் மோதியது. 82 பேரில் 70 பேருக்கும் மேல் இறந்தார்கள். இது போன்ற விபத்துகளைப் பார்த்துத்தான் 1981இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: பத்தாயிரம் அடிக்குக் கீழே பறக்கும்போது பறப்புக்குத் தேவையில்லாத பேச்சும் வேண்டாம், தேவையில்லாத வேலையும் வேண்டாம்.

நல்ல விதி. ஆனால் வாயை மூடச் சொல்வது பாதித் தீர்வுதான் என்பது எங்கள் வாதம்.

ஏன் என்று 1978 டிசம்பர் 28 சொல்கிறது. போர்ட்லண்டில் இறங்க வந்த யுனைட்டட் 173இல் சில்லுத் தொகுதியில் ஒரு கோளாறு. கப்டன் அதைச் சரிபார்ப்பதிலும் பயணிகளை அவசரத் தரையிறக்கத்துக்குத் தயார்படுத்துவதிலும் மூழ்கிப்போனார். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வானத்தில் சுற்றினார்கள். எரிபொருள் குறைகிறது என்பது மற்ற இருவருக்கும் தெரியும், இடைக்கிடை சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் "இப்பவே இறங்கோணும், இல்லாட்டி விழுந்திடுவம்" என்று கப்டனின் காதில் ஏறும்படி ஒருவரும் சொல்லவில்லை. எரிபொருள் முடிந்து, நகரத்தின் புறப்பகுதியில் விழுந்து 10 பேர் இறந்தார்கள். இங்கே அரட்டை அடித்தவர் ஒருவரும் இல்லை. தேவையான ஒரு வசனம் தேவையான அழுத்தத்தோடு வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த விபத்துக்குப் பிறகுதான் விமானிகளுக்கு வேறொரு பயிற்சி பரவலானது. கப்டன் கீழுள்ளவர் சொல்வதைக் கேட்கப் பழக வேண்டும். கீழுள்ளவர் மரியாதைக்காக மென்று விழுங்காமல் நேரே சொல்லப் பழக வேண்டும். விதி வாயை மூடச் சொன்னது, பயிற்சி வாயைத் திறக்கச் சொன்னது. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

விதி மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கராச்சி சாட்சி. 2020 மே 22, பெருநாளுக்கு வீடு போகும் ஆட்களோடு லாகூரில் இருந்து வந்த பிஐஏ 8303, மிக உயரத்தில் இருந்து மிக வேகமாக இறங்குகிறது. உயரம் அதிகம் என்று கட்டுப்பாட்டு மையம் எச்சரித்தது. சமாளிக்கலாம் என்று பதில் போனது. இறக்கிய சில்லுகளைத் திரும்ப உயர்த்திவிட்டு, எச்சரிக்கை ஒலிகளுக்கு நடுவே சில்லில்லாமலே ஓடுபாதையைத் தொட்டார்கள். இயந்திரங்கள் உரசித் தீப்பொறி பறந்தது. மீண்டும் எழும்பினார்கள். சேதமான இரண்டு இயந்திரங்களும் நின்றுபோக, விமானம் குடியிருப்பின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 99 பேரில் தப்பியவர்கள் 2 பேர். விமானிகள் கொரோனா பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள் என்றும், அவர்களின் குடும்பங்களும் பாதிக்கப்பட்டிருந்தன என்றும் துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்த மே மாதம் கொரோனா பற்றிக் கதைக்காத மனிதர் யார்? கதைத்ததைவிட எங்களை உறுத்துவது, இது சரிவராது என்று இறங்குவதைக் கைவிட்டுச் சுற்றி வராததுதான்.

சிங்கப்பூரில் 2010இல் இதன் மறுபக்கம் நடந்தது. ஜெட்ஸ்டார் விமானம் ஒன்று இறங்கும்போது கப்டனின் கவனம் கைத்தொலைபேசியில். சில்லு உரிய நேரத்தில் இறக்கப்படவில்லை, சரிபார்ப்பும் முடியவில்லை. 500 அடிக்கும் கீழே வந்தபின் இறங்குவதைக் கைவிட்டு மேலே எழும்பினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. பிழை அங்கேயும் நடந்தது. ஆனால் பிழையை விட்டுத் திரும்பிப் போக மனம் வந்தது. அந்த மனத்தைத்தான் நிறுவனங்கள் வளர்க்க வேண்டும். சுற்றிவந்து இறங்கிய விமானியிடம் எரிபொருள் கணக்குக் கேட்டு வாட்டினால், அடுத்த முறை அவர் சமாளிக்கத்தான் பார்ப்பார்.

இது எங்கோ வானத்தில் நடக்கும் கதை என்று விட்டுவிட எங்களால் முடியவில்லை. நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. பெரியவர் கதைக்கும்போது குறுக்கே கதைக்காதே என்று வீட்டில் படித்தோம். விரிவுரையில் சேர் ஒரு வருடத்தைப் பிழையாகச் சொன்னால் வகுப்பு முழுவதும் அதை அப்படியே எழுதும். பிறகு கன்டீனில் சிரிக்கும். இதற்கு நாங்கள் மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். இதே பழக்கத்தோடு நாளை எங்களில் ஒருவர் சத்திரசிகிச்சை அறையிலோ, மின் நிலையத்திலோ, கொக்பிட்டிலோ இரண்டாவது ஆளாக நிற்பார். அங்கே மரியாதைக்காக விழுங்கிய ஒரு வசனத்தின் விலை உயிராக இருக்கும்.

ஆகவே அடுத்த முறை 'கவனயீனம்' என்ற தலைப்பைப் பார்த்தால் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்போம்: பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால், அவர் வாயைத் திறக்க முடியாமல் வைத்திருந்தது எது? அதற்குப் பதில் கிடைக்கும்வரை விசாரணை முடிந்ததாக நாங்கள் ஏற்கத் தேவையில்லை.