ஒன்றாம் வகுப்புக்குத் தமிழ்தான் பலியா?

ஆறு வயதுக் குழந்தையை ஆசிரியருக்கு எதிரே உட்காரவைத்து நாற்பது சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். அவற்றில் இருபது ஆங்கிலத்தில் எங்குமே இல்லாத சொற்கள். எழுத்தைப் பார்த்து ஒலியைச் சேர்க்கத் தெரிகிறதா, அல்லது பார்த்துப் பார்த்து மனப்பாடமான சொல்லைத்தான் ஒப்பிக்கிறதா என்று கண்டுபிடிக்க, வேண்டுமென்றே கட்டிய பொய்ச் சொற்கள் அவை. ஐந்து முதல் ஏழு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். 28 சரியாக இருந்தால் போதும். தெற்கு ஆஸ்திரேலியா 2018இல் இந்த ‘ஃபோனிக்ஸ்’ (எழுத்தொலி) சோதனையைத் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளிகளில் 2021 முதல் ஒன்றாம் வகுப்புக்குக் கட்டாயம். ஆஸ்திரேலிய மத்திய அரசு மாநிலங்களோடு செய்துகொண்ட புதிய பள்ளி நிதி ஒப்பந்தம் இதை நாடு முழுவதற்கும் விரிக்கிறது. துணைக்கு எண்ணறிவுச் சோதனை ஒன்றும் வருகிறது. விக்டோரியாவில் ப்ரெப் முதல் இரண்டாம் வகுப்பு வரை தினமும் குறைந்தது 25 நிமிடம் ஃபோனிக்ஸ் நடத்தியாக வேண்டும், 2025 முதல் அமல் என்று கல்வி அமைச்சர் பென் கேரல் 2024 ஜூனில் அறிவித்தார்.

இந்தச் சோதனைமீது எனக்குக் கோபம் இல்லை. அதைக் காரணமாகக் காட்டி நம் வீடுகளில் நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி, ஹோம்புஷ் பக்கமோ மெல்போர்னில் டான்டினாங், கிளென் வேவர்லி பக்கமோ ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். “இங்கிலீஷ் முதல்ல செட் ஆகட்டும், தமிழ் அப்புறம் பாத்துக்கலாம்” என்பார் மதுரைக்காரர். “முதல்ல இங்கிலீஷ் பிடிபடட்டும், தமிழைப் பிறகு பாப்பம்” என்பார் யாழ்ப்பாணத்துக்காரர். வேறு எதிலும் ஒத்துப்போகாத இருவரும் இதில் மட்டும் ஒரே குரல். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நின்றுபோகிறது. அதே நேரத்தில், ஏறக்குறைய அதே தொலைவில், கட்டணம் வாங்கிக்கொண்டு பொய்ச் சொல் பயிற்சி தரும் ஒரு டியூஷன் சென்டருக்குக் குழந்தை போய் உட்காருகிறது.

முதலில் பயத்தைத் தெளிவித்துவிடுவோம். இந்த நாட்டில் ஒன்றாம் வகுப்பு என்பது பள்ளியின் முதல் ஆண்டே அல்ல. நியூ சவுத் வேல்ஸில் கிண்டர்கார்டன், விக்டோரியாவில் ப்ரெப் என்று முழுதாக ஓராண்டு முடித்துவிட்டுத்தான் குழந்தை இங்கே வருகிறது. கிண்டர்கார்டனில் விளையாட்டு தூக்கலாக இருந்தது. இங்கே உட்கார்ந்து படிப்பது கூடும், தினமும் ஒரு குட்டிப் புத்தகம் வீட்டுக்கு வரும், ஸ்பெல்லிங் பட்டியல் வரும், இருபதுக்குள் கூட்டல் கழித்தல் கையோடு வர வேண்டும். வகுப்பில் சராசரியாக 22 பேர் என்பது நியூ சவுத் வேல்ஸின் கணக்கு. பாடநூல் என்று ஒன்று கிடையாது. ரேங்க் கிடையாது. இந்த இரண்டும் இல்லாததால்தான் நம் பெற்றோருக்குக் கை நடுங்குகிறது என்பது என் சந்தேகம்.

நியூ சவுத் வேல்ஸில் ஆண்டின் நடுவில் முதல் மதிப்பீட்டு அறிக்கை வருகிறது. கிண்டர்கார்டனில் இல்லாத ஐந்து படிகள் அதில் இருக்கும்: அவுட்ஸ்டாண்டிங், ஹை, சவுண்ட், பேசிக், லிமிடெட். குழந்தைக்கு ‘சவுண்ட்’ வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் இழவு. நடுவில் இருக்கும் படி, எனவே நடுத்தரம், எனவே தோல்வி என்பது நம்மவர் கணக்கு. உண்மையில், இந்த வயதில் எதை எதிர்பார்க்கிறோமோ அதைக் குழந்தை செய்கிறது என்பதே அதன் பொருள். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. நியூ சவுத் வேல்ஸ் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்ந்ததுதான் ‘ஸ்டேஜ் 1’. அந்த இலக்குகளை எட்ட இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. ஆகஸ்ட் வாக்கில் நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனையில் 22 எடுத்த குழந்தைக்குக் கூடுதல் உதவி தேவை என்று ஆசிரியருக்குத் தெரியும், அவ்வளவுதான். அதை வைத்து யாரும் அந்தக் குழந்தையை தேர்வு வைத்துச் சேர்க்கும் ஜேம்ஸ் ரூஸ் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடப் போவதில்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் எங்கே போனாலும் சொல்வதால் நண்பர்கள் என்னைக் கண்டாலே தெருவின் மறுபக்கம் போகிறார்கள். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

2003இல் சீமோர், ஆரோ, எர்ஸ்கின் என்ற மூவர் ஐரோப்பாவின் 13 மொழிகளில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். பழகிய எளிய சொற்கள்தான் கொடுக்கப்பட்டன. ஃபின்னிஷ் குழந்தைகள் நூற்றுக்கு 98 சரியாகப் படித்தார்கள். கிரேக்கமும் ஜெர்மனும் அதே அளவு. இத்தாலியமும் ஸ்பானிஷும் 95. பிரெஞ்சு 79, டேனிஷ் 71. ஆங்கிலத்தில் படித்த ஸ்காட்லாந்துக் குழந்தைகள்? 34. அச்சுப்பிழை அல்ல, முப்பத்து நான்குதான். அவர்கள் மற்றவர்களைவிட வயதில் சிறியவர்கள் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். சரி, ஓராண்டு கழித்து இரண்டாம் ஆண்டுக் குழந்தைகள் எடுத்தது எவ்வளவு? 76. முழுதாக இரண்டு ஆண்டுகள் படித்தபின் ஆங்கிலக் குழந்தை வந்து நிற்கும் இடம், பிரெஞ்சுக் குழந்தை முதல் ஆண்டிலேயே தாண்டிய இடம்.

குழந்தைகள் மக்கு இல்லை, ஆசிரியர்கள் சோம்பேறிகளும் இல்லை. ஆங்கிலத்தின் எழுத்துமுறைதான் அப்படி. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு நாற்பத்துச் சொச்சம் ஒலிகளை எழுத வேண்டியிருக்கிறது. அதனால் ஒரே எழுத்துக்கூட்டு ஓரிடத்தில் ஒரு மாதிரி ஒலிக்கிறது, அடுத்த சொல்லில் வேறு மாதிரி. இந்தக் காட்டுக்குள் வழி கண்டுபிடிக்கத்தான் ஃபோனிக்ஸ், பொய்ச் சொல், நாற்பது சொல் சோதனை எல்லாம். இங்கிலாந்து 2012இல் இதைக் கொண்டுவந்தபோது தேறியவர்கள் 58 சதவீதம், 2019இல் 82. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2018இல் 43 சதவீதம், 2022இல் 68. முறையாகச் சொல்லிக்கொடுத்தால் வருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆஸ்திரேலிய மாணவர்களில் மூன்றில் ஒருவர் சரியாகப் படிப்பதில்லை என்று கிராட்டன் ஆய்வு நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகும் இதை எதிர்க்கிறவர்களை என்ன சொல்வது? விக்டோரியா ஆசிரியர் சங்கம் அமைச்சரின் ஆணை தங்கள் தொழில் சுதந்திரத்தில் கைவைக்கிறது என்றது. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொன்ன முப்பதாண்டுச் சுதந்திரத்தில் யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்பதை அந்தச் சங்கம்தான் சொல்ல வேண்டும். கெட்டிக்காரக் குழந்தை ‘ஸ்ட்ரோம்’ என்ற பொய்ச் சொல்லை ‘ஸ்டார்ம்’ என்று திருத்திப் படித்து மதிப்பெண் இழக்கிறதே என்பது இன்னொரு புலம்பல். இழக்கட்டுமே, இருக்கும் எழுத்தைப் படிக்காமல் இருந்திருக்க வேண்டியதைப் படிப்பதும் ஒரு குறைதான்.

சரி, தமிழ்? 12 உயிர், 18 மெய், அவை கூடும் விதம், ஓர் ஆய்தம். 247 என்ற எண்ணைச் சொல்லி வெள்ளைக்கார ஆசிரியையைப் பயமுறுத்தலாம். குழந்தை கற்பது பெரும்பாலும் முப்பது எழுத்தும் ஒரு டஜன் குறியும். ‘கி’ தெரிந்த குழந்தைக்கு ‘மி’யும் ‘லி’யும் இலவசம். மெய்யும் உயிரும் சேர்ந்தால் என்ன ஒலி பிறக்கும் என்பதுதான் தமிழ் அரிச்சுவடியின் முதல் பாடமே. ஃபோனிக்ஸ் வகுப்பு 25 நிமிடம் பாடுபட்டு உண்டாக்கப் பார்க்கும் விழிப்பும் அதேதான். சனிக்கிழமை அந்தப் பாடத்தைக் கற்கும் குழந்தையைத்தான் ஃபோனிக்ஸுக்கு இடைஞ்சல் என்று நிறுத்துகிறோம். நீச்சல் தேர்வு வருகிறது என்று குழந்தையைக் குளத்துப் பக்கமே விடாத கதை.

இரண்டு மொழி குழப்பும் என்பார்கள். இங்கிலாந்தின் ஃபோனிக்ஸ் முடிவுகளைப் பாருங்கள்: வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகள் ஆங்கிலமே பேசும் குழந்தைகளுக்குச் சமமாக நிற்கிறார்கள். குழப்பம் எங்கே போயிற்று? தமிழில் ‘க’ ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் ஒலிக்கிறதே என்று கேட்கும் மொழியியல் நண்பர்களுக்கு: அது இடத்தைப் பொறுத்து மாறுவது, விதியோடு மாறுவது, குழந்தை பேசும்போதே அதை அறிந்து வைத்திருக்கிறது. கன்னட எழுத்துகள் முழுதும் கைவர நான்காம் வகுப்பு வரை ஆகிறது என்று ஆய்வாளர் சோனாலி நாக் காட்டியிருக்கிறாரே என்பார் இன்னும் விவரமானவர். கன்னடத்தில் கூட்டெழுத்துகள் ஏராளம். தமிழ் புள்ளியை வைத்து அந்தத் தொல்லையை ஒழித்துவிட்டது. அடுத்த கேள்வி வரலாம்.

அடுத்த கேள்விதான் கொஞ்சம் தொந்தரவானது. எழுத்து அவ்வளவு எளிது என்றால், தமிழ்நாட்டில் 2022 ‘ஏசர்’ கல்வி ஆய்வில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் ஏன் 5 சதவீதம்கூட இல்லை? ஏனென்றால் பெருந்தொற்றில் பள்ளிகளைப் பூட்டிவைத்திருந்தோம். அதே ஆண்டு ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியபின் 2024 ஆய்வில் அந்த விகிதம் இரண்டு மடங்குக்குமேல் ஏறியது. இன்னும் வெட்கப்பட வேண்டிய அளவுதான். ஆனால் வெட்கப்பட வேண்டியது நிர்வாகம்; எழுத்துக்கு அதில் பங்கில்லை.

ஆஸ்திரேலியாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 95 ஆயிரத்துக்கும் மேல். சிட்னியில் தமிழ்ப் பள்ளிகள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. மெல்போர்னில் விக்டோரிய மொழிகள் பள்ளி என்ற அரசு நிறுவனமே தமிழ் கற்பிக்கிறது. அந்தப் பள்ளி 1935இல் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸ் அரசு 2019இல் தமிழுக்குக் கிண்டர்கார்டன் முதல் பத்தாம் வகுப்பு வரை பாடத்திட்டம் அறிவித்தது. எச்.எஸ்.சி. தேர்விலும் தமிழை எடுக்கலாம். அரசு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே போக வேண்டிய வயதில் நம் குழந்தையின் கையைப் பிடித்து வெளியே இழுப்பது நாம்தான். ஒன்றாம் வகுப்பில் ஃபோனிக்ஸ், மூன்றாம் வகுப்பில் நாப்லான் தேசியத் தேர்வு, நான்காம் வகுப்பில் ஓ.சி. எனும் திறன் வகுப்புத் தேர்வு, ஆறாம் வகுப்பில் செலக்டிவ் பள்ளித் தேர்வு. இதில் ‘அப்புறம்’ எந்த ஆண்டில் வரும்? பதினாறு வயதில், தாத்தாவோடு வீடியோவில் பேச வராமல் திணறும்போது, “எங்களுக்கு ஏன் கற்றுத்தரவில்லை” என்று பிள்ளை கேட்கும். தமிழ் எழுத்தால் அந்தப் பிள்ளைக்கு எந்தக் கஷ்டமும் வந்திருக்காது. வந்ததெல்லாம் உங்கள் நாற்பது சொல் பீதி.

பள்ளிகளையும் சும்மா விடக் கூடாது. “வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள்” என்று நல்லெண்ணத்தோடு ஆலோசனை சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்வித் துறையின் நிலைப்பாடே அதற்கு நேரெதிர் என்பது அவர்களுக்குத் தெரியாது. நியூ சவுத் வேல்ஸில் கொரியன், மாண்டரின், ஜப்பானியம், இந்தோனேசியன் மொழிகளுக்கு இருமொழித் தொடக்கப் பள்ளிகள் உண்டு. மெல்போர்னின் கேம்பர்வெல்லில் பிரெஞ்சு, ஹன்டிங்டேலில் ஜப்பானியம். தமிழுக்கு ஒன்றும் இல்லை. கேட்கவில்லை, அதனால் இல்லை. ஹெலன்ஸ்பர்க்கில் கோயில் கட்ட நிதி திரட்டத் தெரிந்த சமூகத்துக்கு ஒரு மனு எழுத முடியாதா?

என் கோரிக்கை இதைவிடப் பெரிது. கிண்டர்கார்டனில் முதல் இரண்டு பருவம் ஒலிக்கு எழுத்து ஒழுங்காக இருக்கும் ஒரு மொழியில் குழந்தை படிக்கட்டும்; மூன்றாம் பருவத்தில் ஆங்கிலத்தைத் தொடங்கட்டும். நம் குழந்தைக்குத் தமிழ், அடுத்த வீட்டு இத்தாலியக் குழந்தைக்கு இத்தாலியம். ஆங்கிலம் தவிர வேறு மொழி இல்லாத ஸ்மித் வீட்டுப் பிள்ளைக்கும் தமிழே ஆகலாம், கெட்டுப்போக மாட்டான். ஒலியைப் பிரிக்கவும் சேர்க்கவும் கற்றுக்கொண்ட மூளைக்கு ஆங்கிலத்தின் காடு பாதி வெட்டிய காடு. ஐந்தாண்டு இப்படி நடத்தினால் நாப்லானில் மூன்றில் ஒருவர் என்ற அந்த அவமானக் கணக்கு மறைந்துவிடும் என்று எந்த அமைச்சரிடமும் பந்தயம் கட்டத் தயார்.

அமைச்சர்கள் பந்தயம் கட்ட மாட்டார்கள். எனவே இந்த ஆண்டுக்குச் சின்னதாக ஒன்று: மூன்றாம் பருவத்தில் அந்த ஏழு நிமிடச் சோதனை நடக்கும்போது, வீட்டு மொழியிலும் ஒரு சோதனை, அதே நாற்பது சொல், அதில் இருபது பொய்ச் சொல். தமிழ்ச் சொற்பட்டியலைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு வார இறுதியில் தயாரித்துவிடுவார்கள். சம்பளம் வாங்காமல் பல ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளைக் கொடுத்து வருகிறவர்கள் பலர் அவர்களில் உண்டு. ஆண்டிறுதி அறிக்கையில் ஆங்கிலத்தின் கீழே அதற்கு ஒரு வரி ஒதுக்கட்டும், துறை செய்ய வேண்டியது அவ்வளவே. அறிக்கையில் ஒரு கட்டம் வந்துவிட்டால், தமிழுக்கு ‘சவுண்ட்’ வந்துவிட்டதே என்று நம்மவர்கள் மறுநாளே டியூஷன் தேடுவார்கள். அந்த டியூஷனுக்கு மட்டும் நான் எதிர்ப்புச் சொல்ல மாட்டேன்.