777 எண்டு போட்டால் எல்லாம் சரியா?

"பெர்மிஷன் டினைட் எண்டு வருதா? 777 குடு, வேலை முடிஞ்சுது." லினக்ஸ் சேர்வர் வைச்சிருக்கிற எங்கட ஆக்களிட்ட அடிக்கடி கேட்கிற வைத்தியம் இது. திறப்பு பொருந்தேல்லை எண்டு கதவையே கழட்டி முற்றத்தில போடுற மாதிரியான வைத்தியம்.

2022 இல டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தொட்ட பிறகு, வன்னியில ஒரு சின்ன அமைப்புக்கு ரெண்டாவது சேர்வர் எண்டது கனவுதான். ஒரே பெட்டிக்குள்ள வெப்தளத்துக்கு ஒரு கெஸ்ட், ஸ்கான் வேலைக்கு இன்னொரு கெஸ்ட் எண்டு வைச்சு, ஹோஸ்டின்ர பெரிய டிஸ்கை எல்லாத்துக்கும் பகிர்றது புத்திசாலித்தனம். அதில எனக்குச் சண்டை இல்லை. எப்படிப் பகிர்றீங்கள் எண்டதிலதான் சண்டை.

ப்ராக்ஸ்மொக்ஸில சாதாரண கொன்ரெய்னர் ஒண்டுக்குள்ள இருக்கிற ரூட், வெளியில ரூட் இல்லை. 100000 ஆம் இலக்கப் பயனர். உள்ளே 1000 எண்டால் வெளியில 101000. அதாலதான் ஹோஸ்டில உங்கட பெயரில இருக்கிற கோப்புறை உள்ளே 'நோபடி' எண்டு தெரியுது. இது பழுது இல்லை, பாதுகாப்பு. கோப்புறையை 101000 க்கு உரிமை மாத்திக் குடுத்தால் அந்தக் கெஸ்டில இருக்கிற 1000 க்கு அலுவல் முடிஞ்சுது. அதை விட்டிட்டு 777 குடுத்தால், ஓட்டை விழுந்த ஒரு வேர்ட்பிரஸ் பிளகின்கூட உங்கட முழு ஆவணத்தையும் அழிக்கலாம். இன்னும் சிலர் கொன்ரெய்னரையே முழு அதிகாரம் உள்ளதா மாத்துவினம். அப்ப உள்ள ரூட்தான் வெளியிலயும் ரூட். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

இதைவிட மோசமானது, ஒரே ஈஎக்ஸ்ரி4 டிஸ்கை ஹோஸ்டிலயும் கேவிஎம் கெஸ்டிலயும் ஒரே நேரத்தில மவுண்ட் பண்ணுறது. ரெண்டு கேர்னலும் ரெண்டு கணக்குப்புத்தகம் வைச்சு ஒரே கடையை நடத்தினால் என்ன நடக்கும்? ஆளை ஆள் அறியாமல் எழுதி, கோப்புமுறை சிதைஞ்சு போகும். டிஸ்க் ஒரு கேர்னலின்ர கையில மட்டும் இருக்கவேணும். மற்றவை என்எஃப்எஸ் மூலமோ விர்ட்ஐஓ-எஃப்எஸ் மூலமோ கேட்டு வாங்கட்டும். பின்னது 2019 இல வந்த லினக்ஸ் 5.4 இலயே இருக்கு. இன்னும் "புதுசு, நம்பேலாது" எண்டு சொல்லுறது சாட்டு.

எங்கட ஊருக்கு எண்டே ஒரு ஆபத்தும் இருக்கு. கறன்ட் போய்த் திரும்ப வரேக்குள்ள பெட்டி எழும்பும், வெளி யுஎஸ்பி டிஸ்க் எழும்பாது. கெஸ்டுக்குப் பகிர்ந்த பாதை இப்ப ஒரு வெறும் கோப்புறை. ஒரு பிழைச்செய்தியும் வராது. ஸ்கான் எல்லாம் ஹோஸ்டின்ர சின்ன டிஸ்கில விழும். பிறகு யுஎஸ்பி டிஸ்கை மேல மவுண்ட் பண்ணினவுடன அந்தக் கோப்புகள் கண்ணுக்கு மறைஞ்சு போகும். டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில, அந்த வெறும் கோப்புறையை 'சட்டர்' கட்டளையால எழுத முடியாததா மாத்தி வையுங்கோ. ஒரு வரி. ஆனால் செய்யிறது ஆர்?

"நாங்கள் ஒவ்வொரு இரவும் பக்கப் எடுக்கிறம்" எண்டு சொல்லுறவைக்கு ஒரு கேள்வி. எதை எடுக்கிறீங்கள்? ப்ராக்ஸ்மொக்ஸின்ர கொன்ரெய்னர் பக்கப், ஹோஸ்டிலிருந்து பைண்ட் மவுண்ட் பண்ணின கோப்புறையைத் தொடாது. மீட்டெடுத்தால் வெப்தளம் வரும், படங்கள் வராது.

2009 இல காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் சொப்பிங் பையில சுத்தி நெஞ்சோட கொண்டுவந்த சனத்தின்ர பிள்ளையள் நாங்கள். அந்தக் கடுதாசியளின்ர ஸ்கான்தான் சில இடங்களில இந்த டிஸ்குகளில கிடக்கு. "கிளிநொச்சியில இருக்கிற சேர்வரை ஆர் ஹக் பண்ணப் போறான்?" எண்டு சிரிக்காதீங்கோ. இன்ரநெற்றில ஓட்டை தேடித் திரியிற பொட் ஊர் பார்க்காது. பொட் தேவையுமில்லை, எங்கட கையால பிழையான பாதையில ஓடின ஆர்சிங்க் கட்டளை ஒண்டே போதும்.

வெப்தளக் கெஸ்டுக்கு அந்தக் கோப்புறையை வாசிக்க மட்டும் குடுங்கோ எண்டால், "அப்லோட் வேலை செய்யாது" எண்டினம். சரி, அப்லோடுக்கு வேற ஒரு சின்னக் கோப்புறை குடுங்கோ. காணி உறுதி கிடக்கிற இடத்தில அந்த வெப்தளத்துக்கு எழுதுற அலுவல் என்ன?