பிளக்கைப் பிடுங்கினால் போதுமா?

மின்சாரத்துக்கு முகதாட்சண்யம் கிடையாது. கற்க வந்த சிறுவன் என்று அது இரக்கப்படாது. இருபது வருஷ அனுபவம் உள்ள மெக்கானிக் என்று மரியாதை காட்டவும் செய்யாது. தொடக் கூடாத இடத்தைத் தொட்டவன் யாராக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும், ரேடியோவும் செல்போனும் பழுதுபார்க்கும் கடைகளிலும் மேஜைமேல் ஒரு பெட்டி இருக்கும். 'பவர் சப்ளை' என்பார்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, 0 முதல் 30 வோல்ட் வரை வேண்டிய அளவில் டி.சி. மின்சாரமாகக் கொடுப்பது அதன் வேலை. மேஜைமேல் உள்ள மற்ற கருவிகளுக்கெல்லாம் சோறு போடுகிற பெட்டி அது.

அந்தப் பெட்டியே கெட்டுப்போனால்? சில இடங்களில் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வேறு சில இடங்களில், துணிச்சல்கார இளைஞன் ஒருவன் யாரும் இல்லாத நேரத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு திறந்துவிடுகிறான். இரண்டுமே தவறு என்பது என் கட்சி. பழுதுபார்க்கத்தான் வேண்டும், ஆனால் முறையோடு பார்க்க வேண்டும்.

உள்ளே உறங்கும் மின்சாரம்

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து ஒழிந்தது என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைதான் பெரிய ஆபத்து. குழாயை மூடினாலும் குடத்தில் பிடித்த தண்ணீர் இருக்கும் அல்லவா? அதுபோல, பெட்டிக்குள் இருக்கும் 'கண்டன்சர்' மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இது புதிய விஷயமும் அல்ல. ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில், முசன்ப்ரூக் என்ற பேராசிரியர் ஒரு கண்ணாடி ஜாடியில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சோதனை செய்தார். அதில் உண்டான அதிர்ச்சியைப் பற்றி அவர் 1746-ம் ஆண்டில் பாரிஸ் விஞ்ஞானி ஒருவருக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார். இன்றைய கண்டன்சருக்கு அந்த ஜாடிதான் மூதாதை.

பவர் சப்ளையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, கனமான டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய ரகம். இதில் கண்டன்சரில் நிற்பது பெரும்பாலும் 40, 50 வோல்ட்தான். ஆனாலும் சுவிட்ச், பியூஸ், டிரான்ஸ்பார்மரின் முதல் சுற்று ஆகிய இடங்களில் 230 வோல்ட் முழுசாக நிற்கும். மற்றொன்று, கையில் எடுத்தால் லேசாக இருக்கும் 'ஸ்விட்ச் மோட்' ரகம். இதில் சுவர் மின்சாரம் நேரே டி.சி.யாக மாற்றப்படுகிறது. உள்ளே உள்ள கண்டன்சரில் சுமார் 325 வோல்ட் ஏறி நிற்கும். முகப்பில் 30 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

உடம்பு வழியாக ஓடும் மின்சாரம் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். சில பத்து மில்லி ஆம்பியர் மார்பு வழியாகப் பாய்ந்தால் இதயத் துடிப்பே குழம்பிவிடும்.

கண்டன்சரை ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து 'பட்' என்று வெடிக்கவிடும் வழக்கம் உண்டு. அது வீரம் அல்ல. தீப்பொறி கண்ணில் தெறிக்கலாம். நல்ல பாகமும் கெட்டுப்போகலாம். 10 ஆயிரம் ஓம், 10 வாட் அளவுள்ள ரெசிஸ்டர் ஒன்றை, நன்றாக உறை போட்ட கம்பிகளுடன் கண்டன்சரின் இரு முனைகளிலும் பிடிக்க வேண்டும். 325 வோல்ட் ஏறிய 220 மைக்ரோபாரட் கண்டன்சர் பதினைந்து விநாடிக்குள் அடங்கிவிடும். கண்டன்சர் பெரிதானால் நேரமும் அதிகமாகும். அதனால் மணி பார்த்தால் மட்டும் போதாது. மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

மீட்டர் பூஜ்யம் காட்டினால் மின்சாரம் இல்லை என்றுதானே அர்த்தம்? அவசரப்படாதீர்கள். மீட்டரே கெட்டிருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும்! மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் முன்னும் பின்னும் மீட்டரைச் சோதிப்பவனே கெட்டிக்காரன்.

பியூஸ் ஒரு தூதன்

பியூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவது நம்மிடையே உள்ள கெட்ட வழக்கம். உள்ளே கோளாறு என்று சேதி கொண்டு வந்த தூதனைக் கொன்றுவிட்டு, கோளாறை வளர விடுவதற்கு ஒப்பானது இது. பெட்டியில் எழுதியிருக்கும் அதே அளவு, அதே ரக பியூஸைத்தான் போட வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் ரகப் பெட்டியை முதலில் நேராகச் சுவரில் சொருகக் கூடாது. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் வழியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் நல்ல அறிகுறி. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தப் பல்பு பெட்டியைத்தான் காப்பாற்றும், தொடுகிறவனைக் காப்பாற்றாது.

பழுது நீங்கியதும் வேலை முடிந்ததா? இல்லை. பல பெட்டிகளில் 2N3055 என்ற டிரான்சிஸ்டர்தான் வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிறது. அது ஷார்ட் ஆனால், 5 வோல்ட் கேட்ட கருவிக்கு 30 வோல்ட்டுக்கும் மேல் பாய்ந்துவிடும். புதியது போடும்போது அடியில் உள்ள மைக்கா தகட்டை மறந்தாலும் வம்புதான். ஆகவே முதலில் மீட்டர், பிறகு ஒரு கார் பல்பு. அரை மணி நேரம் நிதானமாக எரிந்த பிறகே விலையுயர்ந்த கருவியை இணைக்கலாம். எர்த் கம்பி இரும்புப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

பூட்டு போதாது

"மாணவர்களைத் திறக்கவே விடாமல் இருப்பதுதான் பத்திரம்" என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. ஒரு உயிருக்கு ஈடாக எந்தப் பெட்டியும் இல்லை. ஆனால் இங்கே தடுக்கப்பட்ட மாணவன் நாளைக்குத் தன் வீட்டிலோ கடையிலோ திறக்கத்தான் போகிறான். அப்போது அருகில் ஆசிரியர் இருக்கமாட்டார்.

30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. அது அவசியம்தான். ஆனால் இரண்டு கம்பிகளையும் இரண்டு கைகளால் தொட்டவனை அது காக்காது. கண்டன்சரில் தங்கிய மின்சாரத்தையும் அது அறியாது.

ஆகவே ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் தொடர் பல்பு பலகை ஒன்று, கண்டன்சரை அடக்கும் ரெசிஸ்டர் ஒன்று, நம்பகமான மீட்டர் ஒன்று இருக்க வேண்டும். இவை பெரிய செலவு அல்ல. டிரான்ஸ்பார்மர் ரகத்தை ஆசிரியர் பக்கத்தில் நிற்க மாணவன் திறக்கட்டும். ஸ்விட்ச் மோட் ரகத்தைத் தேர்ந்தவர்களுக்கே விட்டுவிட வேண்டும். தனியாக யாரும் வேலை செய்யக் கூடாது. மெயின் சுவிட்ச் எங்கே என்பது துணைக்கு நிற்பவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஓம் விதியை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பரீட்சையில் மார்க்கும் போடுகிறோம். கை வைக்கும் முன் அளந்து பார்க்கும் பழக்கத்துக்கும் மார்க் உண்டு என்று ஒரு விதி செய்தால் என்ன? நமது கல்லூரிகள் இதை யோசிக்க வேண்டும்.