இதர: 15 ரூபாய்



பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அப்பாவின் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. வருஷத்துக்கு ஒன்று. பூச்சி அரித்தது போக மிஞ்சியவற்றில் 1983-ஐ எடுத்துப் பிரித்தேன். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. வரவில் பெரும்பாலும் ஒரே வரிதான்: சம்பளம். பற்றுப் பக்கம்தான் நிரம்பி வழிந்தது. வாடகை 110, மளிகை 165, பால் 52, மண்ணெண்ணெய், சலவை, தம்பிக்கு டானிக், கைமாற்று திருப்பியது 25. எந்த மாதத்தைப் புரட்டினாலும் கடைசி வரி மட்டும் மாறவில்லை. இதர: 15.

அப்பா பள்ளிக்கூட எழுத்தர். கணக்கில் பத்துப் பைசா இடித்தாலும் தூக்கம் வராது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நோட்டை விரித்து உட்காருவார். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே செலவுகளை ஒப்பிப்பார். மாதக் கடைசியில் கூட்டல் உதைக்கும். "பதினஞ்சு ரூபா இடிக்குதே" என்பார் அப்பா. "இதரன்னு போட்டுக்குங்க" என்று கொல்லையிலிருந்து பதில் வரும். அவரும் போட்டுக்கொள்வார்.

அந்த இதர என்னவென்று தெரிய முப்பத்து மூன்று வருடம் ஆனது. 2016 நவம்பர் 8, ராத்திரி எட்டு மணிச் செய்தி. ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது. எல்லோரும் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருக்க, அம்மா எழுந்துபோய் அரிசி ட்ரம்முக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். உள்ளே பிளாஸ்டிக் கவரில் சுற்றிய நாற்பத்தேழு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். அப்பா இரண்டு முறை எண்ணினார். "ஏது இது?" என்று கேட்டார். அம்மா நிலைப்படியில் சாய்ந்தபடி சொன்னார்: "இதரத்துலேருந்துதான்."

சிறுவாடு என்கிறோமே, அதுதான். காய்கறிக்காரரிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்தது, பால் கணக்கில் ஒதுக்கியது, பழைய பேப்பர் போட்டு வந்தது. கடுகு டப்பாவிலும், புடவை மடிப்பிலும், சாமி படத்துக்குப் பின்னாலும் இருந்த பணம். பள்ளிக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவசரமென்றால் எங்கிருந்தோ முளைக்கும், எங்கிருந்து என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நவம்பரில் தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் அது ஒரே வாரத்தில் வெளியே வந்து வங்கி வாசலில் வரிசையில் நின்றது. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் ரூபாய் வரை போட்டால் வருமான வரித் துறை கேள்வி கேட்காது என்று அரசே சொல்ல வேண்டியிருந்தது.

சிறுவாட்டைப் புகழ்ந்து நிறைய எழுதியாகிவிட்டது, நானும் எழுதியிருக்கிறேன். இந்த நோட்டைப் பார்த்த பிறகு வேறொன்று உறுத்துகிறது. சொந்த வீட்டுப் பணத்தைச் சொந்தக் கணவரிடமிருந்து ஒளித்துச் சேர்க்க வேண்டிய நிலை அம்மாவுக்கு ஏன் வந்தது? அப்பா குடிகாரரோ ஊதாரியோ அல்ல. ஆனால் அந்த நோட்டில் அம்மாவுக்கென்று ஒரு தலைப்புகூட இல்லை. 'இதர' தவிர.

பெண்கள் சேமிப்பை ஒளித்தார்கள் என்றால், ஆண்கள் ஒளிப்பது கடனை. போன இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் இந்தப் புலம்பல்தான். மூன்று இடத்தில் தவணை ஓடுவது வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. வளையலை மீட்கப் போகும்போதுதான் அதன் மேல் மறு அடகு இருப்பது தெரியவருகிறது. நாலு பேர் காதில் விழுந்தால் கரையக்கூடிய கடன், ஒருவர் மட்டும் சுமக்கும்போது வளர்கிறது. 'ஃப்ளாட் ரேட் 12 பர்சென்ட்தான் சார்' என்று ஒரு லட்சத்தைக் கொடுப்பார்கள். ஒரு வருஷ வட்டி 12,000. மாதத் தவணை 9,333. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் மாதமே அசலில் ஒரு பங்கைத் திருப்பிவிடுகிறோம். ஆறாவது மாதம் முடியும்போது பாதி அசல்தான் பாக்கி. வட்டி மட்டும் கடைசி வரை முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் 12 சதவீதம் உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல். கையெழுத்துப் போடும் முன்னால் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம் அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் போதும், அது சொல்லியிருக்கும்.

சீட்டு விஷயத்திலும் அப்படித்தான். சீட்டே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு முதல் கிரைண்டர் சீட்டில் வந்ததுதான். இருபது பேர், மாதம் 5,000, இருபது மாதம், ஒரு லட்சம் ரூபாய் ஏலச்சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரக்காரர் ஒருவர் முதல் மாதமே 25,000 தள்ளி 75,000-க்கு எடுக்கிறார். தள்ளியதில் நடத்துபவரின் கமிஷன், சீட்டுத் தொகையில் ஐந்து சதவீதம் என்றால், 5,000. மீதி 20,000-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு ஆயிரம் கழிவு. அந்த மாதம் 4,000 கட்டினால் போதும். தள்ளி எடுத்தவருக்கு அது கடன், காத்திருப்பவருக்குச் சேமிப்பு. ஒரே சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் அதில் யார் என்பது தெரியாமல் சேருவதுதான் வம்பு. 1982-ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேட்கக் கூச்சப்படுகிறோம் பாருங்கள், அது இன்னொரு வம்பு. கமிஷனுக்கு அந்தச் சட்டத்தில் வரம்பு உண்டு. 2019 திருத்தத்தில் அதை ஐந்திலிருந்து ஏழு சதவீதமாக உயர்த்தினார்கள். 'நம்ம தெரு அக்காதானே' என்று எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டு போட்ட முப்பது குடும்பங்களுக்கு ஒரு வருஷம் பட்டாசும் வரவில்லை, அக்காவும் வரவில்லை. அதில் ஏழெட்டுப் பேர் வீட்டில் சொல்லாமல் போட்டவர்கள். அவர்களால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை.

சிறுவாடு இப்போது கிட்டத்தட்ட இல்லை. அதற்கும் 2016-தான் காரணம் என்பது வேடிக்கை. யு.பி.ஐ. வந்ததும் அதே வருஷம். சிறுவாடு சில்லறையில் வளர்ந்த செடி. நூறு ரூபாயை நீட்டி மீதி 13 ரூபாய் கைக்கு வரும்போதுதான் அதில் பத்தை ஒதுக்கத் தோன்றும். இப்போது 87 ரூபாய்க்குக் காய் வாங்கினால் 87 ரூபாயை ஸ்கேன் செய்கிறோம். மீதி என்பதே இல்லை. கை நீளும்போது பையின் கனம் குறைவது தெரிந்தது. போன் அப்படிக் கனம் குறைவதில்லை. மாதக் கடைசியில் போனில் இருக்கும் செலவுப் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை தள்ளிப் பாருங்கள். நான் பார்த்தேன். டீக்கடைக்கு மட்டும் அறுபத்திரண்டு முறை பணம் போயிருந்தது. அதில் எத்தனை டீ ருசியாக இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இதற்காக டீயை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. சிக்கனம் என்றாலே வாயைக் கட்டு, வயிற்றைக் கட்டு என்று ஆரம்பிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பெரும்பாலும் அவர்கள் கட்டச் சொல்வது அடுத்தவர் வயிற்றை. கண்ணில் படாமல் ஒழுகும் இடம் வேறு. மின்கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குள்ள குறைந்த விலை பறிபோகும் என்பது எத்தனை வீட்டில் தெரியும்? ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். கணக்கெடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்னால் மீட்டரைப் போய்ப் பார்க்கும் வேலையை எங்கள் வீட்டில் சின்னவனிடம் கொடுத்திருக்கிறேன். அவன் ஏ.சி. ரிமோட்டைப் பிடுங்கி ஒளித்துவைக்கும் அளவுக்குப் போய்விட்டான். அது தனிக் கதை.

மீதி வராத காலத்தில் மீதியை முதலிலேயே எடுத்துவிட வேண்டியதுதான். அஞ்சலகத் தொடர்வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து வருடம். 2023 அக்டோபரில் வட்டியை 6.7 சதவீதம் ஆக்கினார்கள்; அந்த விகிதத்தில் போட்ட 6,000 ரூபாய் முடிவில் 7,000-ஐத் தாண்டும். பெரிய பணமில்லைதான். ஆனால் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பாஸ்புத்தகம், எல்லாம் ஒரே அலமாரித் தட்டில், வாரிசுதாரர் பெயரோடு. அந்தக் கடைசி விஷயத்தைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். யாருக்கும் தெரியாமல் வங்கியில் போட்டுவைத்த பணம் பத்து வருடம் யாரும் உரிமை கோராமல் கிடந்தால் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். அப்படிக் கிடக்கும் பணத்தை வாரிசுகள் தேடிக் கண்டுபிடிக்கவே 2023-இல் 'உத்கம்' என்றொரு இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. அங்கே போய்த் தேடுவதைவிட, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து சொல்லிவிடுவது சுலபம்.

எங்கள் வீட்டில் இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அதற்குத்தான். முதல் இரண்டு மாதம் சண்டைதான் வந்தது. நான் மறைத்துவைத்திருந்த ஒரு கிரெடிட் கார்டு பாக்கி அதில் வெளியே வந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். மகள் தன் செலவுக்கு ஒரு தலைப்பு கேட்டாள்: 'என் இஷ்டம்'. கேள்வி கேட்கக் கூடாத தொகை, ஆளுக்கு ஒன்று. அம்மாவுக்கும் ஒன்று. "எனக்கு எதுக்குடா?" என்றவர், மறுநாளே கோவில் வாசலில் வளையல் வாங்கிக்கொண்டு வந்தார். விலை என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

பரணிலிருந்து இறக்கிய நோட்டுகளில் கடைசியாக 2016-ஐப் பார்த்தேன். அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்ட காலம். எழுத்து கோணல்மாணலாக ஓடுகிறது. நவம்பர் மாதம், இடது பக்கம், வரவில் பென்ஷனுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. இதர: 23,500. பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

அன்புடன்,
ஆசிரியர்