கேபினெட்டோட ஓசியா வர்றது வேண்டாம்!



முதல்ல ஒரு கேள்வி. உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல என்ன ப்ராசஸர்? டக்குனு சொல்வீங்க. ரேம் எவ்வளவு? 8 ஜி.பி., 16 ஜி.பி. என்று பெருமையாகவே சொல்வீங்க. சரி, எஸ்.எம்.பி.எஸ். என்ன? அது 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் கொடுக்கும்?

என்ன, முழிக்கிறீங்களா? போன வருஷம் வரைக்கும் நானும் இப்படித்தான் முழிச்சிட்டிருந்தேன். அதுக்கு எங்க வீட்டில் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, என் கருத்தைச் சொல்கிறேன்.

அக்கா காலேஜ் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் செய்ய கம்ப்யூட்டர் வேணும். அப்பா சீட்டு எடுத்து 28 ஆயிரம் ரூபாய் கொடுத்தார். "கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படிக்கிறவன் நீதானே, கூடப் போய் பார்த்து வாங்கிக் கொடு" என்றார். எனக்கு ஒரே பெருமை. அசெம்பிள் செய்கிற கடை அண்ணன் ஒரு கொட்டேஷன் எழுதிக் கொடுத்தார். அதில் எஸ்.எம்.பி.எஸ். மட்டும் தனியாக 2,600 ரூபாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அண்ணா, இது எதுக்கு? கேபினெட்டோட ஓசியாவே ஒண்ணு வருதே, அது போதும். மிச்சப் பணத்துக்கு கலர் லைட் வச்ச கேபினெட் போடுங்க" என்றேன். "தம்பி, அது நல்லா இருக்காதுப்பா" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. எனக்கு லைட் வேணும்!

எட்டு மாதம் லைட் எரிந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம். கருகின வாசனை. அவ்வளவுதான். எஸ்.எம்.பி.எஸ். தனியாகப் போகவில்லை. மதர்போர்டையும், அக்காவின் ப்ராஜெக்ட் இருந்த எஸ்.எஸ்.டி.யையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒப்படைக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. "பேக்கப் எடுக்கலையா?" என்று நீங்கள் கேட்கலாம். எடுக்கவில்லை. அதுவும் எங்கள் தப்புதான். அக்கா தினமும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முதலிலிருந்து டைப் செய்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கூட நல்லா இருந்திருக்கும்.

அதுக்கப்புறம்தான் நான் அந்தக் கடை அண்ணனிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்கள் ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் என்னதான் பார்க்கிறார்கள்? அவர் சொன்னதையும், நான் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

எஸ்.எம்.பி.எஸ். என்றால் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை. நம்ம வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏ.சி. கரண்ட். அதை கம்ப்யூட்டருக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் டி.சி.யாக மாற்றிக் கொடுப்பது இதன் வேலை. நாம் சாப்பிடுகிற சோறு எல்லா உறுப்புக்கும் ரத்தமாகப் போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கெட்டால் எந்த உறுப்பு தப்பிக்கும்?

1. சொன்ன வாட்ஸ் உண்மையாக இருக்கணும்

எரிந்துபோன எங்கள் எஸ்.எம்.பி.எஸ். மேல் '450' என்று பெரிதாக எழுதியிருந்தது. அண்ணன் அதன் பக்கத்தில் இருந்த சின்ன அட்டவணையைக் காட்டினார். 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர். பிசிக்ஸ் பாடம்தான், பெருக்கிப் பாருங்கள்: 12 × 16 = 192 வாட். 450 எங்கே, 192 எங்கே! பென்டியம் 3 காலத்தில் 5 வோல்ட், 3.3 வோல்ட்டில்தான் வேலை அதிகம். 2000-ஆம் ஆண்டு பென்டியம் 4 வந்தபோது ப்ராசஸருக்கென்று 12 வோல்ட்டில் தனி 4 பின் கனெக்டர் வந்தது. இன்றைக்கு ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அதனால் பெட்டி மேல் இருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். 12 வோல்ட் கணக்கைப் பாருங்கள்.

2. ஆபத்து வந்தால் தானே நின்றுவிடணும்

வோல்ட்டேஜ் ஏறினாலோ, கரண்ட் அளவுக்கு மீறினாலோ, ஷார்ட் ஆனாலோ, சூடு தாண்டினாலோ நல்ல எஸ்.எம்.பி.எஸ். உடனே தன்னை அணைத்துக்கொள்ளும். தான் செத்தாலும் மற்றவர்களைச் சாகவிடாது. 12 வோல்ட் என்றால் பொதுவாக 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில்தான் இருக்கணும் என்பது கணக்கு. எங்கள் வீட்டில் நடந்தது என்ன? காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட கதை!

3. கண் இமைக்கும் நேரம் தாக்குப்பிடிக்கணும்

நிறைய பேர் வீட்டில் இது நடக்கும். யூ.பி.எஸ். இருக்கும், ஆனாலும் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். எல்லாரும் யூ.பி.எஸ்.ஸைத் திட்டுவோம். சாதாரண யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாற சில மில்லி செகண்ட் ஆகும், 10 வரை கூட ஆகலாம். அந்த இடைவெளியில் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர்தான் கம்ப்யூட்டரைத் தாங்கணும். நல்லது என்றால் சுமார் 16, 17 மில்லி செகண்டாவது தாங்கும் என்று எதிர்பார்ப்பார்கள். சின்ன கெபாசிட்டர் போட்டு காசு மிச்சம் பிடித்திருந்தால் அதுக்குள் மூச்சு நின்றுவிடும். ஆக, யூ.பி.எஸ். நல்லதாக இருந்தும் குற்றவாளி எஸ்.எம்.பி.எஸ்.ஸாக இருக்கலாம்.

4. கெபாசிட்டரும் வாரன்டியும்

2000-க்குப் பிறகு சில ஆண்டுகள், தரமில்லாத கெபாசிட்டர்களால் உலகம் முழுக்க மதர்போர்டுகளும் எஸ்.எம்.பி.எஸ்.களும் தலை வீங்கிச் செத்தன. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் '105 டிகிரி தாங்குமா?' என்று கேட்கிறார்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். உள்ளே இருப்பதை நாம் பார்க்க முடியாது. ஆனால் வாரன்டியைப் பார்க்கலாம். ஐந்து வருஷம், ஏழு வருஷம் என்று எழுதிக் கொடுக்கிறவனுக்குத் தன் பொருள் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். கேபினெட்டோட வந்ததுக்கு என்ன வாரன்டி? கடை வாசல் வரைக்கும்தான்!

5. கரண்ட் பில்

'80 பிளஸ்' என்ற ஸ்டிக்கர் 2004-இல் வந்தது. 20, 50, 100 சதவீத லோடில் குறைந்தது 80 சதவீதம் கரண்ட்டை வீணாக்காமல் கொடுக்கணும் என்பது அதன் அடிப்படை. பிறகு பிரான்ஸ், சில்வர், கோல்டு என்று மேல் படிகள் வந்தன. கம்ப்யூட்டருக்கு 100 வாட் வேண்டும் என்று வையுங்கள். 65 சதவீதத் திறன் உள்ளது சுவரிலிருந்து 154 வாட் இழுக்கும். 85 சதவீதம் உள்ளது 118 வாட்தான் இழுக்கும். தினம் 5 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு சுமார் 65 யூனிட் மிச்சம். அந்த வீணான கரண்ட் எங்கே போகுது? சூடாகி, உள்ளே இருக்கும் பொருளையே வேக வைக்குது.

ஆனால் ஒன்று, ஸ்டிக்கரை மட்டும் நம்பி ஏமாறவும் கூடாது. 80 பிளஸ் சொல்வது திறனைப் பற்றி. பாதுகாப்பைப் பற்றி இல்லை. 2021-இல் ஜிகாபைட் கம்பெனியின் 750, 850 வாட் மாடல்கள் சோதனை செய்தவர்களின் மேஜையிலேயே வெடித்தன. இத்தனைக்கும் அவை கோல்டு வாங்கியவை. அளவுக்கு மீறிய லோடில் அணைய வேண்டிய வரம்பைக் கம்பெனி பிறகு குறைத்தது, மாற்றியும் கொடுத்தது. பெரிய பெயர் இருந்தாலும், நடுநிலையாகச் சோதித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் வாங்கணும்.

இப்போது என் நண்பர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள். "எங்க வீட்ல பத்து வருஷமா சாதா எஸ்.எம்.பி.எஸ்.தான் ஓடுது, என்ன ஆச்சு?" என்பார்கள். நல்லது, சந்தோஷம். ஹெல்மெட் போடாமல் பத்து வருஷம் வண்டி ஓட்டினவரும் ஊரில் இருக்கிறார். அதனால் ஹெல்மெட் வேண்டாம் என்று நம்ம ஹெட்மாஸ்டர் சொல்வாரா?

இன்னும் சிலர், "அப்ப 1000 வாட் வாங்கிடலாமா?" என்பார்கள். அதுவும் தப்பு. கிராபிக்ஸ் கார்டு இல்லாத, நாம் படிக்க, டைப் செய்ய வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு நேர்மையான 400, 450 வாட் தாராளம். பொய்யான 1000-ஐ விட உண்மையான 400 மேல். மனுஷங்களுக்கும் இது பொருந்தும் என்று எங்க தமிழம்மா சொல்வார்!

"வசதி இல்லாதவங்க என்ன செய்யறது?" என்றும் கேட்பீர்கள். இந்தக் கேள்விதான் முக்கியமானது. என் கருத்து என்னவென்றால், வசதி இல்லாதவர்கள்தான் முதலில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கணும். வசதி இருக்கிறவருக்கு மதர்போர்டு போனால் நாளைக்கே இன்னொன்று வரும். எங்க அப்பா மறுபடி சீட்டு எடுக்கணுமே! நான் அன்றைக்கு மிச்சம் பிடித்ததாக நினைத்தது 2,600 ரூபாய். மதர்போர்டு, எஸ்.எஸ்.டி., புது எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் சேர்த்து அப்பா திரும்பக் கொடுத்தது 11,400 ரூபாய். வேண்டுமானால் ப்ராசஸரில் ஒரு படி குறையுங்கள், லைட்டைக் குறையுங்கள். இதில் குறைக்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஆர்வக்கோளாறில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அடித்தால் ஆள் காலி. அடுத்து, கழற்றி மாட்டுகிற ஒயர் உள்ள மாடல் என்றால், ஒரு கம்பெனி ஒயரை இன்னொன்றில் செருகாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பின் மாறியிருக்கும்.

கடைசியாக நம்ம கணினி ஆய்வகத்துக்கு வருகிறேன். ஏழாம் நம்பர் சிஸ்டம் பிராக்டிகல் நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆவது எல்லாருக்கும் தெரியும். 'பேய் சிஸ்டம்' என்று பெயர் கூட வைத்துவிட்டோம். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, எஸ்.எம்.பி.எஸ்.ஸாக இருக்கலாம். ஹெட்மாஸ்டர் ஐயாவுக்கும் கம்ப்யூட்டர் சாருக்கும் என் பணிவான வேண்டுகோள்: முதலில் அதைச் சோதித்துப் பாருங்கள். அடுத்த தடவை கொட்டேஷன் வாங்கும்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு என்று ஒரு தனி வரி கேளுங்கள். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், என்னென்ன பாதுகாப்பு, எத்தனை வருஷ வாரன்டி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கு அந்த சிஸ்டம் முன்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். இந்த இதழும் சுவரில்தான் தொங்குகிறது. கம்ப்யூட்டருக்குச் சுவர் எது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

அக்கா ப்ராஜெக்ட்டை ஒப்படைத்துவிட்டாள். பாஸும் ஆகிவிட்டாள். புது எஸ்.எம்.பி.எஸ்.ஸை நான்தான் மாட்டினேன். இப்போது கேபினெட்டில் லைட் எரிவதில்லை. நான்தான் கழற்றி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் பிரிவு மாணவன்,
பன்னிரண்டாம் வகுப்பு