நாம் கொடுத்த சொல்

அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டில் டீ ரீஸ் என்ற கறுப்பினப் பெண் ஒரு குறும்படம் எடுத்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமாக் கலை பயின்ற காலத்தில் எடுத்த படம் அது. அரைமணி நேரம் கூட ஓடாது. பெண்ணையே நேசிக்கும் ஒரு கறுப்பின இளம்பெண், வெளியே ஒரு முகமும் வீட்டுக்குள் ஒரு முகமுமாக வாழ நேரும் கொடுமையைச் சொல்கிறது. அதற்கு அவர் சூட்டிய பெயர் 'பரையா'.

இந்தச் சொல் எங்கிருந்து அங்கே போயிற்று? நம்மிடமிருந்துதான் போயிற்று! பறையர் என்ற நமது சாதிப் பெயரை 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். ஊருக்கு வெளியே சேரி, சேரிக்கு வெளியே சுடுகாடு என்று நாம் வகுத்து வைத்திருந்ததைப் பார்த்தனர். நாளடைவில், ஒதுக்கித் தள்ளப்பட்ட எவரையும் குறிக்கும் சொல்லாக அதை ஆக்கிக்கொண்டனர். சுருட்டும் கட்டுமரமும் ஆங்கிலத்தில் ஏறிய பெருமையைப் பேசும் பண்டிதர்கள் இந்தச் சொல்லைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. ஒரு கறுப்பினப் பெண் தனது வேதனைக்குப் பெயர் தேடியபோது, நமது சாதிக் கொடுமை வார்த்துக் கொடுத்த சொல்தான் அவளுக்குப் பொருத்தமாகக் கிடைத்தது. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

அந்தக் குறும்படமே 2011இல் முழுநீளப் படமாக விரிந்தது. சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டுப் பாராட்டுப் பெற்ற பின்னரே பெரிய கம்பெனி ஒன்று அதை விநியோகத்துக்கு வாங்கியது. 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய தேசியத் திரைப்படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

முழுநீளப் படத்தின் கதை புரூக்ளினில் நடக்கிறது. அலீக்கே என்ற 17 வயதுப் பெண் இரவு பஸ்ஸில் வீடு திரும்புகிறாள். வீடு நெருங்குமுன் தொப்பியையும் தொளதொள சட்டையையும் கழற்றிவிட்டு, தாயார் விரும்பும் 'பெண் பிள்ளை'யாக மாறிக்கொள்கிறாள். தகப்பனார் போலீஸ்காரர். தாயார் தெய்வபக்தி மிகுந்தவர். தாயார் தாமே தேடிக் கொடுத்த சிநேகிதியோடுதான் அவளுக்கு முதல் நெருக்கம் ஏற்படுகிறது. அந்த ஓர் இரவைக் கண்ணியமாகவும் கனிவாகவும் காட்டுகிறார் டீ ரீஸ். பொழுது விடிந்ததும் அந்தச் சிநேகிதி, வெறும் விளையாட்டுத்தான் என்று கைகழுவி விடுகிறாள். வீட்டில் உண்மை வெளிப்பட்டதும் பெற்ற தாயே மகளை அடிக்கிறார்.

"வர்க்கப் போராட்டத்தைப் பேச வேண்டிய பத்திரிகைக்கு இந்த விவகாரம் எதற்கு? இது பூர்ஷ்வா சீரழிவு அல்லவா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவர்கள் இதே படத்தில் வரும் லாரா என்ற பெண்ணைக் கவனிக்கட்டும். அவள் அலீக்கேயின் உயிர்த் தோழி. இதே காரணத்துக்காகத் தாயின் வீட்டை இழந்தவள். தமக்கையோடு சேர்ந்து உழைத்து வாடகை கட்டுகிறாள். வேலைக்கு நடுவே படித்துப் பள்ளிப் படிப்புக்குச் சமமான பரீட்சையில் தேறுகிறாள். அதைச் சொல்லத் தாயின் வாசலில் போய் நிற்கிறாள். தாய் கதவைச் சாத்துகிறார்.

பணக்கார வீட்டுப் பெண்ணாக இருந்தால் தனி வீடு எடுத்துக்கொள்வாள். வேறு ஊருக்குப் போய்விடுவாள். கூலிக்காரப் பெண் எங்கே போவாள்? வீடு கைவிட்டால் அவளுக்குத் தெருதான். தெருவுக்கு அஞ்சியே ஆயிரமாயிரம் பெண்கள் வாய் மூடி வாழ்கிறார்கள். ஆகவே இது கூலியின் பிரச்சினை, வாடகையின் பிரச்சினை, பெண்ணைக் குடும்பத்தின் சொத்தாகக் கருதும் சமுதாய அமைப்பின் பிரச்சினை. இது வர்க்கப் பிரச்சினை இல்லையென்றால் வேறு எது வர்க்கப் பிரச்சினை?

நமது இயக்கமும் சுயவிமர்சனம் செய்துகொள்ள வேண்டும். லொரெய்ன் ஹான்ஸ்பெரியை நாம் அறிவோம். பால் ராப்சன் நடத்திய 'ஃபிரீடம்' பத்திரிகையில் உழைத்தவர். 1959இல் பிராட்வே மேடை ஏறிய தமது நாடகத்தால் கறுப்பினத் தொழிலாளர் குடும்பத்தின் வாழ்வை உலகறியச் செய்தவர். அவரும் பெண்களை நேசித்தவர்தான். 1957இல் அத்தகைய பெண்களின் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதியபோது தலைப்பெழுத்துக்களை மட்டுமே கையெழுத்தாகப் போட்டார். 1965இல் 34ஆம் வயதில் மறைந்தார். இனவெறிக்கும் போலீஸ் உளவுக்கும் அஞ்சாத அந்த வீராங்கனை, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முழுப் பெயரைப் போட முடியவில்லை. சொந்தத் தோழர்கள் மத்தியிலும் இதைப் பேச இடமில்லாத காலம் அது. அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

நமது நாட்டில் வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், சேர்ந்து வாழ விரும்பி மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோரின் புகாரையும் போலீஸ் விசாரணையையும் சமாளிக்க உயர்நீதிமன்றத்தின் பாதுகாப்பைத் தேட நேர்ந்தது. இத்தகையோரைத் துன்புறுத்தலாகாது என்று 2021 ஜூனில் நீதிபதி உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. கதவோ வீட்டில் இருக்கிறது.

அந்தக் கதவு ஒரு தோழரின் வீட்டுக் கதவாக இருந்தால்? ஆலை வாசலில் சமத்துவம் முழங்கிவிட்டு வீடு திரும்பும் நாம், அங்கே நமது மகள் உண்மையைச் சொன்னால் என்ன செய்வோம்? சாதியைச் சொல்லி ஒரு மக்கள் கூட்டத்தை ஊருக்கு வெளியே நிறுத்திய சமுதாயத்தோடுதான் நாம் போராடி வருகிறோம். அப்படிப்பட்ட நாம் இன்னொரு கூட்டத்தை வாசலுக்கு வெளியே நிறுத்துவது எந்த நியாயம்?

தொழிற்சங்க அலுவலகமும் மாதர் சங்கமும் கட்சிக் கிளையும் இத்தகைய பெண்களுக்கு அடைக்கலமாக இருக்க வேண்டும். வேலையும் தங்குமிடமும் தேடித் தருவதும், போலீஸ் மிரட்டினால் உடன் போய் நிற்பதும் நமது கடமை. ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஒரு சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நாம். அந்தச் சொல்லுக்கு வேலையில்லாமல் செய்யும் பொறுப்பும் நம்முடையதே.