அந்தச் சொல்லுக்குச் சிரிக்காதீர்கள்!



எதிர்வீட்டுப் பையன் போன வாரம் பள்ளி முடிந்து வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தான். சட்டைப் பையில் தைத்திருந்த பள்ளிச் சின்னத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே பேசினான். முதல் நாள் டிவியில் ஒரு பழைய மலாய்ப் படம். அதில் தமிழரை ‘கெலிங்’ என்று கூப்பிடும் வசனத்தை வகுப்பே குரல் மாற்றிப் பேசி, அவனைச் சுற்றி நின்று சிரித்திருக்கிறது. “நானும் சிரிச்சிட்டேங்க்கா” என்றான். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

கலிங்கத்திலிருந்து வந்த பழைய சொல்தானே, பினாங்கில் பள்ளிவாசலுக்கே கப்பித்தான் கெலிங் என்றுதானே பெயர் என்று வாதாடுகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். பள்ளிவாசலின் பெயரை யாரும் தொட வேண்டாம். திரையில் குடிகாரனையும் கோமாளியையும் கூப்பிட அதே சொல் வரும்போது அது வசை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு விளங்குவது நமக்கு விளங்காதா? அந்த மலாய்த் திரையுலகை வளர்த்ததில் நமக்கும் பங்கு உண்டு. மலாய்த் திரை நட்சத்திரம் பி. ரம்லியை 1950-இல் ‘பக்தி’ படத்தில் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் நம் இயக்குநர் எல். கிருஷ்ணன்!

ஆனால் எல்லாப் படத்தின் மேலும் தணிக்கைக் கத்தரியை நீட்டாதீர்கள். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ படத்திலும் பேச்சு கரடுமுரடுதான். தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளையின் கண்ணால் அது பார்க்கிறது. 2016-இல் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. காயத்தைக் காட்டுகிற படம் வேறு, காயத்தில் சிரிக்கிற படம் வேறு.

திரை நம்மைக் குடிகாரனாகக் காட்டுகிறது. ஆனால் நாம் எந்த மண்ணில் நிற்கிறோம்? கெடாவின் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொண்டர் படை திரட்டிய மண் இது. 1947-இல் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்து போலீசிடம் அடி வாங்கினார்கள், உயிரும் போனது. அதே கெடாவில், 2020 டிசம்பரில், கோயில் உடைப்பைக் கண்டித்த மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர்களைக் கள் போதையில் பேசுகிறார்கள் என்று மாநில அரசின் தலைவரான மந்திரி பெசாரே சொன்னார். தமிழன் என்றால் கள் என்று திரை பதிய வைத்த உருவம்தான் அவர் வாயில் வந்தது என்பேன்.

பள்ளிப் பாடநூலாக இருந்த ‘இன்தர்லோக்’ மலாய் நாவலில் வந்த ‘பறையா’ என்ற சொல்லுக்கு எதிராக நின்றோம். 2011 இறுதியில் அது பாடநூல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. நின்றால் நடக்கும்.

நம் வீட்டையும் பெருக்க வேண்டும், தோழர்களே. தமிழ்ப் படத்தில் கறுப்பு நிறத்தைக் கிண்டலடிக்கும்போது கைதட்டுகிறோம். சீனரைச் ‘சப்பை மூக்கன்’ என்கிறோம், வங்காளதேசத் தொழிலாளியை ‘பங்களா’ என்று ஏளனமாகக் கூப்பிடுகிறோம். அந்த வாயோடு தணிக்கை வாரியத்திடம் போய் நிற்க முடியாது. இன்றே விடுவோம்.

வரும் ஞாயிறு மாலை 5 மணி, கோயில் மண்டபம். லூனாஸ், கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணித் தோழர்கள் எல்லாரும் வாருங்கள். படத்தின் பெயர், எந்த நிமிடத்தில் என்ன வசனம் என்று குறித்துக் கொண்டுவாருங்கள். தொலைக்காட்சி நிலையங்களுக்கும் உள்துறை அமைச்சின் திரைப்படத் தணிக்கை வாரியத்துக்கும் அன்றே கடிதம் எழுதிக் கையெழுத்திடுவோம். முதல் கையெழுத்து அந்தப் பையனுடையது. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்!